ஒரு ஸ்டேஷன் தூரம்

நுவரெலியா என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்,
மாசி மாதம், போனில், கடை மூடிய பிறகு.
ஏரியில் படகு. மட்டக்குதிரை. ஆளுக்கொரு ஐஸ்கிரீம்.
துலக்சன் கலண்டரில்
பச்சைப் பேனையால் வட்டம் போட்டிருந்தான்.

சித்திரைக்கு முதலாளி தந்தது நாலு நாள்.
வெள்ளவத்தையிலிருந்து வருவதற்குள்
ஒன்றை பஸ் தின்றது.
மிச்சக் காசை கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதி
நானும் ரேணுகாவும் கூட்டினோம், கழித்தோம்.
வேனுக்கு ஒரு தொகை.
சீசன் விலையில் சோறு ஒரு தொகை.
குதிரை தனி.
"நம்மள விடக் குதிரைக்குச் சம்பளம் கூட" என்றாள்.
சிரித்தோம்.
பிறகு பில்லை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

கவிஷ்காதான் கேட்டாள்,
"கோச்சியில போவமா?"
எங்க?
"அது எங்க போவுதோ அங்க."

லயத்துக்கு மேலே அது போகாத நாளில்லை.
வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிப் படமெடுப்பார்கள்.
கூடையோடு நிற்கும் ரேணுகா
எந்தெந்த ஊர்ப் போன்களுக்குள் நிற்கிறாளோ.
என் பிள்ளைகள் கைகாட்டியிருக்கிறார்கள்,
பெட்டி பெட்டியாக எண்ணியிருக்கிறார்கள்.
ஏறியதில்லை.

ஹட்டனில் நாலு டிக்கெட், மூன்றாம் வகுப்பு, கொட்டகலைக்கு.
கவுண்டர்காரர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"பஸ்ல போனா சுருக்கா போயிரலாமே?"
"அதனாலதான் பஸ்ல போகல" என்றாள்.

கோச்சி ஒரு மணி நேரம் பிந்தி.
வழியில் தின்னக் கட்டிய ரொட்டியை
பிளாட்பாரத்திலேயே தின்று முடித்தோம்.
என் வெள்ளைச் சட்டையில் கட்டச்சம்பல்.
உட்கார இடமில்லை.
கண்டியில் ஏறிய சிங்கள அம்மா ஒருவர்
தன் சூட்கேஸின் மேல் கவிஷ்காவை இருத்தி
பிஸ்கட் கொடுத்தார், பெயர் கேட்டார்,
பெயரைத் தப்பாகச் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

பிறகு சிங்கமலைச் சுரங்கம்.

இருட்டு என்றால் அப்படியோர் இருட்டு,
சட்டைப் பொத்தானைக்கூடக் காணோம்.
பெட்டி முழுக்க ஹூ என்றது,
பொடியன்கள், கிழவர்கள், யாரோ ஒரு குழந்தையின் அழுகை.
அதற்கெல்லாம் மேலே ஏறி
ஒரு குரல்.
எட்டாம் நம்பர் மலையில் நின்று
பள்ளத்துக்கு அப்பால் ஒன்பதாம் நம்பரை எழுப்புகிற குரல்.
நீளமாக, வளைந்து, மூச்சு முடியுமட்டும்.

பத்து வருஷம் அவளோடு பேசியிருக்கிறேன்,
அதிகம் போனில்.
பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் என்று
தணித்துத் தணித்தே பேசுகிறவள்.
அரிசி முடிந்ததை, காய்ச்சலை,
தன் அப்பா இறந்ததைக்கூட
அந்த அளவுச் சத்தத்தில்தான் சொன்னாள்.

வெளிச்சம் வந்தது.
சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி
அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"யாரும்மா அது?" என்றான் துலக்சன்.
"எது?" என்றாள்.
காது மட்டும் சிவந்திருந்தது.

கொட்டகலையில் செய்ய ஒன்றுமில்லை.
பிளேன்டீ நாலு, மாலுபனிஸ் இரண்டு, பாதி பாதி.
தூறல் விட்டு விட்டுப் பெய்தது.
திரும்பும் கோச்சிக்கு இரண்டரை மணி நேரம்
பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.
சரக்குப் பெட்டியின் துருவில்
கவிஷ்கா யானை கண்டாள், துலக்சன் இலங்கைப் படம் கண்டான்,
எனக்குத் துரு மட்டும் தெரிந்தது,
யானை என்று சொல்லிவிட்டேன்.
குதிரையைப் பற்றி யாரும் பேசவில்லை.
எனக்குத்தான் ஒருமுறை நினைவு வந்தது.

திரும்பும்போது சுரங்க வாய்க்கு முன்னாலேயே
நாலு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தோம்.

இப்போது இரவு பத்தரை.
கடை கழுவியாயிற்று.
மூட்டை அறையில் மற்றப் பொடியன்கள் இன்னும் வரவில்லை.
"லைட்ட நிப்பாட்டுங்க அப்பா" என்கிறாள் கவிஷ்கா போனில்.
நிப்பாட்டுகிறேன்.
"நிப்பாட்டியாச்சா?"
ம்.
அந்தப் பக்கம் கிசுகிசு, சிரிப்பு,
ரேணுகா வேண்டாம் வேண்டாம் என்பது கேட்கிறது,
அப்புறம் வேண்டாம் என்பதும் இல்லை.

மூன்று பேரும் சேர்ந்து.
பக்கத்துக் காம்பராவில் சுவரைத் தட்டுகிறார்கள்.